கே. பி. சுந்தராம்பாள்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908 - 1980) தமிழ் நாடக, திரைப்பட நடிகையும் பாடகியும் ஆவார். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகைகளில் கடைசி வரிசை வரை எட்டிய குரலுக்காகப் புகழ்பெற்றவர். கணவர் மறைந்தபின் எந்த ஆண் நடிகருடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டவர். அவரது பிற்காலத் திரைப்பட வேடங்களைத் தீர்மானித்தது இவ்வுறுதியே எனலாம்.

இளமை

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் (இன்றைய ஈரோடு மாவட்டம்) வறிய குடும்பத்தில் பிறந்தார். பெயரின் முன்னெழுத்துக்கள் ஊரையும் தாயாரையும் குறிப்பவை. சிறுமியாக இரயிலில் பாடிச் சென்றபோது, இரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எப். ஜி. நடேசய்யர் அக்குரலைக் கேட்டு நாடகத்துறைக்குக் கொண்டுவந்தார் என்று கூறுவர். வேலு நாயர் நாடகக் குழுவில் சிறுவர் வேடங்களில் நடிக்கத் தொடங்கினார்.

நாடக வாழ்க்கை

அக்காலத்தில் "ஸ்பெஷல் நாடகம்" என்னும் முறை பரவலாக இருந்தது. வெவ்வேறு ஊர்களில் உள்ள நடிகர்களைத் தனித்தனியே அமர்த்துவர்; சேர்ந்து ஒத்திகை பார்க்க வாய்ப்பு இராது. மேடையில் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டால் பதில் கூறவேண்டும். இரசிகர்கள் கதைக்காக அன்றி, இந்தப் போட்டிக்காகவே விடிய விடிய அமர்ந்திருந்தனர்.

1920களில் இலங்கையில் நாடகங்கள் நடத்தி வந்தபோது, செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவுடன் கொழும்பில் நடிக்க நேர்ந்தது. உச்ச சுருதியில் பாடுவதில் கிட்டப்பாவுக்கு நிகரில்லை; அவருக்கு ஈடுகொடுக்க முடியாது என்று சுந்தராம்பாளைச் சிலர் எச்சரித்ததாகவும் சொல்லப்படுகிறது. ஆனால் இருவரும் நடித்த "வள்ளி திருமணம்" பெரும் வரவேற்பைப் பெற்றது. 1927 இல் திருமணம் செய்துகொண்டனர். கிட்டப்பா ஏற்கனவே மணமானவர். இவர்களுக்குப் பிறந்த குழந்தை சிறுவயதிலேயே இறந்தது. பின்னர் இருவருக்குமிடையே பிரிவும் ஏற்பட்டது. 1933 டிசம்பரில் கிட்டப்பா தமது இருபதுகளின் இறுதியில் காலமானார். சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை உடுத்தி, சில காலம் மேடையை விட்டே விலகியிருந்தார்.

திரைப்படங்கள்

"நந்தனார்" (1935) படத்திற்காக அணுகியபோது, மறுக்கும் எண்ணத்துடன் ஒரு இலட்சம் ரூபாய் கேட்டதாகவும், தயாரிப்பாளர் அசன்தாஸ் அதற்கு உடன்பட்டுவிட்டதாகவும் கூறுவர். அக்காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத தொகை அது. இதில் சுந்தராம்பாள் ஏற்றது நந்தனாரின் ஆண் வேடம். வேதியராக நடித்தவர் கர்நாடக இசைக் கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆண் வேடம் நாடக மேடைக்குப் புதிதன்று என்றாலும், அவரது உறுதிக்கு அது பொருத்தமான வழியாகவும் அமைந்தது.

அடுத்த படமான "மணிமேகலை" (1940) துறவியின் கதை. எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய "ஔவையார்" (1953) இவருக்கு நிலையான புகழைத் தந்தது. திருமணத்தைத் தவிர்க்க முதுமையை வேண்டிப் பெற்றவர் என்பது ஔவை பற்றிய கதை. நடித்தவரின் வாழ்வும் அதற்கு வெகுதொலைவில் இல்லை. மு. கருணாநிதியின் திரைக்கதையில் உருவான "பூம்புகார்" (1964) படத்தில் கவுந்தி அடிகளாகவும், "திருவிளையாடல்" (1965) படத்தில் மீண்டும் ஔவையாராகவும் தோன்றினார். "கந்தன் கருணை" (1967), "துணைவன்" (1969), "காரைக்கால் அம்மையார்" (1973) ஆகியவை இவர் நடித்த பிற படங்களுள் சில.

அரசியலும் சிறப்புகளும்

எஸ். சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்களைப் பாடினார்; தேர்தல் பிரசாரமும் செய்தார். பின்னர் சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதல் திரைக்கலைஞர் என இவரைக் குறிப்பிடுவர்.

"துணைவன்" படப் பாடல்களுக்காக 1969 ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். 1970 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1980 இல் காலமானார்.