பஞ்சு வில்

வில் என்றதும் நம் பக்கத்துக்காரர்களுக்கு வில்லுப்பாட்டுதான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது பஞ்சு கொட்டும் வில். அருப்புக்கோட்டையின் தறிச் சத்தம் எல்லாருக்கும் தெரியும். தறிக்கும் ராட்டைக்கும் முந்தின வேலையைச் செய்த இந்த வில்லை இன்றைய மாணவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்?

ஏறக்குறைய ஆள் உயர மரத்தண்டு, ஒரு முனையில் அகலமான பலகை, நடுவே இழுத்துக் கட்டிய நரம்பு. இரு பக்கமும் தலை பருத்த கட்டையால் தட்டினால் நரம்பு அதிர்ந்து, கொட்டை நீக்கிய பஞ்சைப் பிரித்து உதறும். தூசி கீழே விழும். இழை மேலே எழும். நற்றிணை 299-ஆம் பாட்டில், அலை உடைந்து தெறிக்கும் பிசிருக்கு வில்லால் அடித்த பஞ்சுதான் உவமை. கல்லூரி நாளில் இது தெரிந்திருந்தால் அதிர்வுப் பாடத்தில் நாலு மார்க் கூட வாங்கியிருப்பேன்!

அமெரிக்காவிலும் வில் இருந்தது. ஜார்ஜியாப் பஞ்சை வியாபாரிகள் 'வில்லடித்த பஞ்சு' என்றே அழைத்தார்கள். 1793-ல் விட்னி அரவை இயந்திரம் கண்டுபிடித்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இங்கே 1892-ல் மதுரையில் ஹார்வி மில் வந்தது. மில் நூல் பெருகப் பெருக வில்லுக்கு வேலை குறைந்தது. காந்தியடிகள் 1925-ல் அகில இந்திய சர்க்கா சங்கத்தைத் தொடங்கினார். நூற்பவர் தம் பஞ்சைத் தாமே கொட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பார் அவர். அதன் பிறகு வில்லுக்கு மிஞ்சியது மெத்தையும் தலையணையும்தான். கரண்டு மெஷின் வந்து அதையும் பிடுங்கிக்கொண்டது.

திருச்சுழி போகும் வழியில் ஒரு கிராமத்தில், பஞ்சு கொட்டிப் பிழைத்த பெரியவர் ஒருவரின் வில்லைப் பார்த்தேன். தகரக் கூரைக்கடியில் பல கோடை காய்ந்து, தண்டு நீளவாக்கில் வெடித்திருந்தது.

"இது போயிருச்சு தம்பி. அடுப்புக்குத்தான் ஆகும்" என்றார்.

"ஒரு வாரம் குடுங்க பாய், பார்த்துடலாம்" என்றேன். வாய் தவறிச் சொல்லிவிட்டேனோ என்று வழியெல்லாம் யோசனை.

தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனேன். இரும்புப் பட்டை போட்டு ஆணி அடிக்கலாம் என்றது என் படிப்பு. அவர் சிரித்தார். ஏற்கெனவே ரேகையோடு வெடித்த மரத்தில் ஆணி இறக்கினால் வெடிப்பு இன்னும் ஓடுமே! முதலில் நரம்பை அவிழ்த்து இழுவையைப் போக்கினார். வெடிப்புக்குள் சூடான வச்சிரத்தை இறக்கி, மேலே பருத்திக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, நிழலில் காயவைத்தார். வச்சிரத்துக்கு ஒரு சௌகரியம், பின்னால் பிரிக்க வேண்டுமானால் சூடு காட்டினால் இளகிவிடும்.

பழைய நரம்பை முன்போல முறுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. தளர்த்தியே கட்டினோம். இழுவை குறைந்தால் நாதம் இறங்கத்தானே செய்யும்? பெரியவர் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சளி பிடிச்ச மாதிரி இருக்கே" என்றார். பிறகு வீட்டுக்குள் குரல் கொடுத்து, ஒரு பழைய தலையணையை எடுத்துவரச் சொன்னார்.