கைத்தொழில் காத்த கலை

கலை சோறு போடுமா என்னும் கேள்வி நம் இல்லங்களில் இன்றும் எழுவதே. சென்னையின் தென்பகுதியில், ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் அதற்கு ஒரு விடை உண்டு.

1850-இல் தோன்றிய சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற ஓவியர் பலர், பிழைப்புக்கு வழியின்றித் தூரிகையைக் கைவிட நேர்ந்தது. அதன் முதல்வராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர் இதற்கு வழி தேடினார். அவருடைய வழிகாட்டுதலில் இளங்கலைஞர்கள் 'பாத்திக்' முதலிய கைத்தொழில்களில் இறங்கினர். சாயம் ஏறக்கூடாத இடங்களில் மெழுகு பூசித் துணியைச் சாயத்தில் நனைத்தனர். பின்னர் மெழுகை நீக்க, அது மறைத்திருந்த கோலங்கள் வெளிப்பட்டன. கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினர். அங்கேயே வீடும் பட்டறையும் அமைத்துக்கொண்டனர்.

கைத்தொழிலால் அடுப்பு எரிந்தது. ஆதலின் வாங்குவோர் விருப்பத்துக்காக ஓவியத்தை வளைக்க வேண்டிய தேவை குறைந்தது. 1977-இல் பணிக்கர் மறைந்தார், கிராமமோ நிலைத்தது. 2009-இல் அங்குச் சென்னைக் கலை இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது.

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நாமும், அலுவலுக்கும் உறக்கத்துக்கும் இடையே தமிழைப் பேண விழைகின்றோம். நம் மக்களுள் எவரேனும் தூரிகையைக் கையில் எடுத்தால், தடுப்பதற்குமுன் அக்கடற்கரையை ஒருகணம் நினைத்துப் பார்ப்போமாக.