சோசலிசமும் மனித இயல்பும்

தனியுடைமையை ஒழிக்கவோ கட்டுப்படுத்தவோ முனைந்த இயக்கங்கள், மனிதன் அடிப்படையில் எத்தகையவன் என்பது பற்றிக் கொண்டிருந்த கருத்துகளின் வரலாறு இது. மனிதன் சுயநலக்காரன், ஆகவே சோசலிசம் நடவாது என்ற வாதம் தொடக்கம் முதலே உண்டு. ஆனால் சோசலிஸ்டுகள் எல்லாரும் மனிதனை நல்லவன் என்று நம்பியவர்கள் அல்லர். மாற்றவேண்டியது ஆளையா, ஏற்பாட்டையா என்பதில் அவர்களுக்குள்ளேயே வழக்கு இருந்தது.

ஒருவனுடைய குணத்தை அவன் ஆக்கிக்கொள்வதில்லை, சூழலே ஆக்குகிறது என்றார் ராபர்ட் ஓவன் (1771–1858). 1800-இல் ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலை நிர்வாகத்தை ஏற்றபின், அங்கேயே அதைச் சோதித்தும் பார்த்தார். ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு முகமுள்ள சிறு மரக்கட்டை ஒன்று தொங்கியது. கறுப்பு என்றால் நடத்தை மோசம்; நீலம் சுமார்; மஞ்சள் நன்று; வெள்ளை மிக நன்று. முந்தைய நாள் நடத்தைக்குரிய நிறம் வெளியே தெரியும்படி கட்டை திருப்பிவைக்கப்படும், பதிவேட்டிலும் ஏறும். ஓவன் யாரையும் திட்டுவதில்லை. ஆளைப் பார்ப்பார், கட்டையைப் பார்ப்பார், நகர்ந்துவிடுவார். மதிப்பீடு தவறென்று நினைத்தவர் அவரிடமே முறையிடலாம். அடியும் அபராதமும் சகஜமாக இருந்த காலத்தில் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் கட்டையைத் திருப்பும் உரிமை மேற்பார்வையாளரிடமே இருந்தது. 1825-இல் அமெரிக்காவின் இந்தியானாவில் ஓவன் தொடங்கிய நியூ ஹார்மனி குடியிருப்பு இரண்டே ஆண்டில் கலைந்தது. அங்கே வாழ்ந்த ஜோசையா வாரன், தனித்தன்மைக்கு இடம் தராததே தோல்விக்குக் காரணம் என்று முடிவுகட்டி, தனிமனித அரசின்மைவாதி ஆனார்.

பிரான்சின் சார்லஸ் ஃபூரியே (1772–1837) ஓவனுக்கு நேர் எதிர். ஓவன் கூட்டத்தாரைத் தாக்கி 1831-இல் ஒரு சிறு நூலே எழுதினார். மனிதனுக்கு 12 வேட்கைகள். அவை கடவுள் வைத்தவை. திருத்த முயல்வது வீண் என்பது அவர் கட்சி. அவை கலக்கும் விதத்தில் 810 குணவகைகள். வகைக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக 1,620 பேர் கூடினால் ஒரு நிறைவான சமூகம். ஒரே வேலையில் சலிப்புத் தட்டுவது குற்றமல்ல, ஓரிரு மணி நேரத்தில் வேறு வேலைக்குப் போகலாம். அழுக்கில் புரளப் பிரியப்படும் சிறுவர்களிடம் சாணமும் குப்பையும் அள்ளும் பொறுப்பு. அதற்கான மரியாதையும் அவர்களுக்கே. பண ஆசைக்கும் இடமுண்டு: வருவாயில் 12-இல் 5 பங்கு உழைப்புக்கு, 4 முதலுக்கு, 3 திறமைக்கு. கடல்நீர் எலுமிச்சைப் பானமாகச் சுவைக்கும் என்றெல்லாம் எழுதிக் கேலிக்கு ஆளானார். ஆயினும் மனிதனிடம் மிகக் குறைவாகக் கேட்ட சோசலிஸ்ட் அவரே.

மனித சாரம் என்பது சமூக உறவுகளின் தொகுப்பு என்று கார்ல் மார்க்ஸ் 1845-இல் குறித்துவைத்தார். மனித இயல்பு என ஒன்றே இல்லை என்பதுதான் இதன் பொருள் என்று வாதிட்டவர் உண்டு. 1960-களில் பிரெஞ்சு மெய்யியலாளர் அல்தூசர் அந்தப் பக்கம் நின்றார். ஆனால் 1867-இல் வெளியான 'மூலதனம்' நூலில் ஆங்கிலப் பயன்வாதி பெந்தமைச் சாடும் அடிக்குறிப்பொன்று, பொதுவான மனித இயல்பையும் காலந்தோறும் அது கொள்ளும் மாற்றத்தையும் பிரித்தறியச் சொல்கிறது. மனித இயல்பைப் பேசும் அவரது 1844-ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளோ 1932-இல்தான் முழுமையாக அச்சேறின. அதற்கு முன்பே மறைந்த ரஷ்யப் புரட்சித் தலைவர் லெனின் அவற்றைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

இளமையில் சைபீரியாவில் ராணுவப் பணியாற்றிய ரஷ்ய அரசின்மைவாதி குரோபோத்கின், கடுங்குளிரில் விலங்குகள் ஒன்றையொன்று அடித்துப் பிழைப்பதைவிடக் கூடிப் பிழைப்பதையே அதிகம் கண்டார். வாழ்க்கையைப் போராட்டமாகக் காட்டி டார்வினியரான ஹக்ஸ்லி 1888-இல் எழுதிய கட்டுரைக்கு அவர் அளித்த மறுப்புகளே 1902-இல் 'பரஸ்பர உதவி' என்ற நூலாயின. இதை வைத்து அவரை வெள்ளந்தி என்பது சரியல்ல. மனிதன் கெட்டவன் என்றால் அவன் கையில் ஆட்சியையும் மூலதனத்தையும் கொடுப்பது எப்படி என்று 1888-இலேயே திருப்பிக் கேட்டவர் அவர்.

இந்தியாவில் சோசலிஸ்ட் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண், பொருள்முதல்வாதம் மனிதன் நல்லவனாக இருப்பதற்குக் காரணம் எதையும் தரவில்லை என்று 1952-இல் எழுதினார். பின்னர் காந்திய வழிச் சர்வோதய இயக்கத்துக்குத் தம்மை ஒப்படைத்தார். கியூபாவில் சே குவேரா 1965-இல் 'புதிய மனிதனை'ப் பற்றி எழுதி, பண ஊக்கத்தைவிட அற ஊக்கமே முதன்மை என்றார். 1970-இல் அந்த நாடு ஒரு கோடி டன் சர்க்கரைக்கு இலக்கு வைத்து, ஏறத்தாழ 85 லட்சம் டன்னே எடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் பண ஊக்கம் திரும்பி வந்தது.

மெய்யியலாளர் ஜி. ஏ. கோஹன் 2009-இல் வெளியான சிறு நூலில் பழியை வேறிடத்தில் வைத்தார். தாராள மனமும் மனிதனிடம் இருக்கிறது. சுயநலத்தைக் கொண்டு பொருளாதாரத்தை ஓட்டத் தெரிந்த நமக்கு, அந்த மனத்தைக் கொண்டு ஓட்டும் பொறியமைப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்பது அவர் கருத்து.