மேடையிலிருந்து வீட்டுத் திரைக்கு: 'ஹிஸ் கேர்ள் பிரைடே' திரைப்படத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கலைப்படைப்பொன்றின் வரலாறு அது தோன்றிய நாளோடு முடிந்துவிடுவதில்லை. அது எவ்வழியாக மக்களைச் சென்றடைந்தது, யார் கையில் எந்நிலையில் இருந்தது, அதற்கு உரிமை கொண்டாடியோர் யாவர் என்பனவும் அவ்வரலாற்றின் பகுதிகளேயாம். இலக்கிய ஆய்விலே ஓரளவு ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ள இவ்வுண்மை, திரைப்படம் பற்றிய ஆய்விலே இன்னும் போதிய கவனம் பெற்றதாகத் தெரியவில்லை. 1928 இல் நியூ யோர்க் மேடையில் நகைச்சுவை நாடகமாகத் தோன்றி, 1940 இல் ஹொவாட் ஹோக்ஸின் நெறியாள்கையில் திரைப்படமாகி, பின்னர் வீடியோ நாடாவாகவும் ஒளித்தட்டாகவும் வீடுகளுட் புகுந்த படைப்பொன்றை இங்கு நாம் எடுத்துக்கொள்வது இக்காரணம் பற்றியே.

மூலநாடகம் 'த புரொண்ட் பேஜ்' என்பது. அதனை எழுதிய பென் ஹெக்ட், சார்ள்ஸ் மக்ஆதர் ஆகிய இருவரும் சிக்காகோ நகரிற் பத்திரிகையாளராகத் தொழில் புரிந்தவர்கள். 1928 ஓகஸ்ட் மாதம் டைம்ஸ் ஸ்குயார் அரங்கிலே ஜோர்ஜ் எஸ். கோவ்மனின் நெறியாள்கையில் மேடையேறிய இந்நாடகம் 276 தடவை ஆடப்பட்டது. மூன்று அங்கங்களும் ஒரே அறையில் நிகழ்வன: சிக்காகோக் குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்திலுள்ள பத்திரிகையாளர் அறை. மறுநாட் காலை ஒருவன் தூக்கிலிடப்படவிருக்கின்றான். செய்தியாளர் சீட்டாடிக்கொண்டு காத்திருக்கின்றனர். தொழிலைக் கைவிட்டுத் திருமணஞ் செய்துகொள்ள விரும்பும் ஹில்டி ஜோன்சனைப் போகவிடாது தடுக்க அவனது ஆசிரியர் வோல்டர் பேர்ண்ஸ் செய்யும் சூழ்ச்சிகளே கதையின் ஓட்டம். பேர்ண்ஸ், ஹேர்ஸ்ட் பத்திரிகைகளின் ஆசிரியராயிருந்த வோல்டர் ஹவி என்பவரை மாதிரியாகக்கொண்டு படைக்கப்பட்ட பாத்திரம்.

சிரிப்பு மிகுந்த இக்கதையின் நடுவே தூக்குமரம் நிற்கின்றது என்பதை விமரிசகர் பலர் போகிற போக்கிற் குறிப்பிட்டுச் சென்றுவிடுகின்றனர். எமது நோக்கில் நாடகத்தின் உயிர்நிலை அதுவே. தண்டிக்கப்பட்ட ஏர்ல் வில்லியம்ஸ், கறுப்பினப் பொலிஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவன். தேர்தல் அண்மித்துவிட்டது, கறுப்பின மக்களின் வாக்குகள் நகரபிதாவுக்கு வேண்டும், எனவே வில்லியம்ஸ் தூக்கிலிடப்படவேண்டும். ஷெரீபோ அவனைச் 'சிவப்பு' ஆபத்தின் உருவமாகக் காட்டிப் பெயரெடுக்க முனைகின்றார். ஆளுநரின் தண்டனை நிறுத்தக் கட்டளையைக் கொண்டுவந்த தூதனுக்கு உத்தியோக ஆசை காட்டித் திருப்பியனுப்புகின்றனர். இவை வெறுங் கற்பனைகளல்ல. 1919 இல் சிக்காகோவில் நடந்த இனக்கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பின மக்கள். அந்நகரில் நகரபிதாவாயிருந்த வில்லியம் ஹேல் தொம்ஸனின் வெற்றிகளிலே கறுப்பின வாக்குகளுக்குப் பெரும் பங்குண்டு. இடதுசாரிகள்மீதான வேட்டை 1919 - 1920 ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நடந்தது. நாடகம் மேடையேறுவதற்கு ஓராண்டின் முன்னரே, 1927 ஓகஸ்டில், சக்கோ, வன்செற்றி என்னும் அரசின்மைவாதிகள் இருவர் மசசூசெற்ஸ் மாநிலத்திற் கொல்லப்பட்டிருந்தனர்.

வில்லியம்ஸ் தப்பியோடும் நிகழ்ச்சிக்கும் ஓர் உண்மை வித்துண்டு. பொலிஸ்காரர் ஒருவரைக் கொன்றமைக்காகத் தூக்குத்தண்டனை பெற்ற தொமி ஓகொனர், 1921 டிசெம்பரில், தண்டனைக்குச் சில நாள்களே இருக்கையிற் சிறையினின்றும் தப்பினான், பின்னர் அகப்படவேயில்லை. அவனுக்காகவெனச் சிக்காகோ அதிகாரிகள் அத்தூக்குமரத்தை 1977 வரை பேணி வைத்திருந்தனர் என்பது நாடகத்தை விஞ்சிய நகைச்சுவை. ஆனால் ஓகொனர் சாதாரணக் குற்றவாளி. அவனிடத்தில் அரசியல் ஐயத்துக்காளான ஓர் ஏழையை நிறுத்தியமையே ஹெக்ட், மக்ஆதர் ஆகியோரின் சாதனை எனலாம்.

1931 இல் ஹொவாட் ஹியூஸ் தயாரிப்பில் லூயிஸ் மைல்ஸ்டன் இதனை முதன்முதலிற் படமாக்கினார். ஒன்பது ஆண்டுகளின் பின்னர் கொலம்பியா நிறுவனத்துக்காக ஹோக்ஸ் செய்த மாற்றம் யாவரும் அறிந்ததே. ஹில்டி பெண்ணாகின்றாள், பேர்ண்ஸின் முன்னாள் மனைவியுமாகின்றாள். ஹில்டியின் வசனங்களைப் பெண்ணொருத்தி வாசிக்கக் கேட்டபொழுதே இவ்வெண்ணம் உதித்ததென ஹோக்ஸ் பின்னாளிற் கூறிவந்தார். திரைக்கதையை எழுதியவர் சார்ள்ஸ் லெடரர். ரொசலின்ட் ரஸலும் கரி கிராண்டும் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சை ஏற்றிப் பேசும் வேகம் இன்றும் வியப்பூட்டுவது. ஆயின் அவ்வேகம் நின்றுவிடும் இடமொன்றுண்டு. வில்லியம்ஸிடம் இரக்கங் காட்டிய மொலி மலோய் என்பவளைச் செய்தியாளர் எள்ளி நகையாடுகின்றனர். ஹில்டி அவளை வெளியே அழைத்துச் சென்றபின் அறையில் மௌனம் நிலவுகின்றது. திரும்பிவந்த ஹில்டி அவர்களை நோக்கிக் கூறும் ஒரு சிறு தொடர் முழுத் தொழிலையுமே குற்றக்கூண்டில் ஏற்றிவிடுகின்றது.

லெடரரின் எழுத்தில் எமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சிறையில் வில்லியம்ஸைச் செவ்வி காணும் ஹில்டி, பூங்காவிற் பேச்சாளர்கள் என்ன சொன்னார்கள் என வினவுகின்றாள். பயன்பாட்டுக்கான உற்பத்தி என்னும் தொடரை அவன் நினைவுகூருகின்றான். துப்பாக்கி எதற்காக உற்பத்தி செய்யப்பட்டது? சுடுவதற்கு. ஆகவே சுட்டான் என அவள் தன் செய்தியை அமைத்துக்கொள்கின்றாள். இத்தொடர், 1934 இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலிற் போட்டியிட்ட எழுத்தாளர் அப்டன் சிங்க்ளெயரின் இயக்கத்தோடு பிரிக்கமுடியாதவாறு இணைந்திருந்தது. அத்தேர்தலில் அவரைத் தோற்கடிக்க ஹொலிவூட் முதலாளிகள் போலிச் செய்திப் படங்களைக்கூடத் தயாரித்தனர். ஆறாண்டுகளுக்குள் அதே ஹொலிவூட்டின் படமொன்றில் இச்சுலோகம் நகைப்புக்குரியதாக வருகின்றது. எனினும் வேலையிழந்த கணக்காளனொருவனின் குழம்பிய மனத்தில் அது ஒட்டிக்கொண்டிருப்பதை நாம் காணும்போது நகைப்பு முழுமை பெறுவதில்லை. இது படைப்பாளிகள் அறிந்து செய்ததா என்ற வினா இரண்டாம்பட்சமானது. படத்தில் அது இருக்கின்றது.

வெளிவந்த காலத்தில் இப்படம் ஒஸ்கார் விருதுக்கு ஒரு பிரிவிலேனும் பரிந்துரைக்கப்படவில்லை. 1950 களில் பிரெஞ்சு விமரிசகரும் 1962 இல் நியூ யோர்க் நவீன கலைக்கூடம் நடத்திய ஹோக்ஸ் படவரிசையும் அவரது பெயரை உயர்த்தின. ஆனால் இப்படத்தைப் பரந்த மக்களிடம் கொண்டுசென்றதில் ஒரு கவனக்குறைவுக்கும் பங்குண்டு. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை முதற்கண் 28 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும், அதன்பின் புதுப்பிக்கப்படவேண்டும். 'ஹிஸ் கேர்ள் பிரைடே'யின் உரிமை புதுப்பிக்கப்படாது 1968 இற் காலாவதியாயிற்று. 1970 களின் பிற்பகுதியில் வீட்டு வீடியோ பரவியபொழுது, பிரதியொன்று கையிலிருந்த எந்தச் சிறு நிறுவனமும் இதனை நாடாவாக்கி மலிவாக விற்கக்கூடியதாயிருந்தது. பலர் விற்றனர். பழந் தேய்ந்த 16 மி.மீ. பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்ட அந்நாடாக்களிற் படம் மங்கியிருந்தது, ஒலி இரைந்தது. உரையாடலே உயிரான படத்துக்கு ஒலி கெடுவது சிறு குறையன்று. ஆயினும் பல்கலைக்கழக வகுப்புகளும் எளிய குடும்பங்களும் இப்படத்தைக் கண்டது பெரும்பாலும் இக்குறையுள்ள வடிவங்களிலேதான். அவற்றை இகழ்ந்து பேசும் சேகரிப்பாளர் இதனை மறந்துவிடுகின்றனர்.

2017 ஜனவரியில் கிரைற்றீரியன் நிறுவனம் வெளியிட்ட ஒளித்தட்டுத் தொகுதி இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஹோக்ஸின் படத்தோடு மைல்ஸ்டனின் 1931 ஆம் ஆண்டுப் படமும், இரண்டுமே உயர்தரத்திற் புதுப்பிக்கப்பட்டு, அதில் இடம்பெற்றன. இவற்றுட் பின்னையதே ஆய்வாளருக்குக் கூடிய பயன் தருவது. அக்காலத்தில் வெளிநாடுகளுக்கெனத் தனி நெகற்றிவ்கள் தயாரிக்கப்பட்டன. சிறந்த நடிப்புக் கொண்ட எடுப்புகள் அமெரிக்கப் பிரதிக்கு, மற்றையவை ஏனைய நாடுகளுக்கு என்பதே வழக்கம். பல பத்தாண்டுகளாக உலகம் பார்த்துவந்தது வெளிநாட்டுப் பாடமே. ஹியூஸின் சேகரிப்பிலிருந்த பிரதியொன்றில் மைல்ஸ்டன் விரும்பிய அமெரிக்கப் பாடம் இருப்பதை அக்கடமித் திரைப்படச் சுவடிக்கூடத்தினர் கண்டறிந்து புதுப்பித்தனர். பாடபேதம் என்பது ஏட்டுச் சுவடிகளுக்கு மாத்திரமே உரியது என எண்ணுவோர் இத்தட்டினைப் பார்ப்பது நன்று. அந்த அழுக்குப்படிந்த பிரதியை வைத்து மைல்ஸ்டனின் திறமையைக் குறைத்து எழுதப்பட்டவற்றுட் சில இனித் திருத்தி எழுதப்படவேண்டியனவே.

இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கையில் தணிக்கையின் கையும் தெளிவாகின்றது. பேர்ண்ஸ் தன் கடிகாரத்தை ஹில்டிக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தனுப்பிவிட்டு, அதனைத் திருடிச் சென்றதாகக் கூறி அவனைக் கைதுசெய்விக்கும் நாடக இறுதியில் வசைச்சொல் ஒன்று வரும். 1931 ஆம் ஆண்டுப் படத்தில் அச்சொல்லின்மேல் தட்டச்சு இயந்திரத்தின் ஓசை விழுகின்றது. 1940 ஆம் ஆண்டுப் படத்தில் இவ்விறுதியே இல்லை. மொலியின் தொழிலும் பேசப்படாது மறைக்கப்படுகின்றது. இனம், வாக்கு, ஊழல் என்பன மாத்திரம் ஏறத்தாழ அப்படியே எஞ்சின. தணிக்கையாளர் எதனைக் கண்டு அஞ்சினர், எதனைப் பொருட்படுத்தவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

உரிமை பற்றிய ஒரு செய்தி எஞ்சியுள்ளது. படம் 1968 இலேயே பொதுவுடைமையான போதிலும் அதன் அடிப்படையான நாடகம் அவ்வாறாகவில்லை. 1928 இல் வெளியானமையால் 95 ஆண்டுக் காப்பு அதற்கிருந்தது. எனவே பிள்ளை பொதுச்சொத்தாகத் தாய் தனிச்சொத்தாக இருந்த விசித்திர நிலை அரை நூற்றாண்டுக்கு மேலாக நீடித்தது. நல்ல மூலப்பிரதியோ சட்ட உரிமை போனபின்னரும் நிறுவனத்தின் களஞ்சியத்திலேயே இருந்தது. பொதுமக்களுக்குக் கிடைத்தது உரிமை. தெளிவான படம் அதனைக் கையில் வைத்திருந்தோரிடமே தங்கிற்று. 2024 ஜனவரி 1 ஆந் திகதி முதல் அமெரிக்காவில் நாடகமும் பொதுவுடைமையாகிவிட்டது. ஏர்ல் வில்லியம்ஸின் கதையை எந்த மாணவர் நாடகக் குழுவும் யாரிடமும் அனுமதி கேளாது அங்கு மேடையேற்றலாம்.