மகிமையும் நன்றியும்: தருமபுரி மலைப்பணியை முன்வைத்து ஊழியச் சாட்சியின் அறம் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஊழியப் பயணம் முடித்துத் திரும்பும் குழுவினர் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்வது தமிழ்த் திருச்சபைகளில் வேரூன்றிய வழக்கம். எந்தெந்த ஊர்களுக்குப் போனோம், எத்தனை பேர் செவிகொடுத்தார்கள், யாருக்காக ஜெபித்தோம் என்று விவரித்து, “எல்லா மகிமையும் கர்த்தருக்கே” என்று முடிப்பார்கள். அந்த இறுதி வரி மெய்யான விசுவாச அறிக்கை. ஆனால் அதற்கு முன் சொன்ன ஒவ்வொன்றிலும் “நாங்கள்” என்பதே முன்னின்றால், கடைசியில் சேர்க்கும் ஒரு வரி அந்தச் சாட்சியின் திசையைத் திருப்பாது. பணியில் கைகொடுத்த உள்ளூர் மக்களுக்குரிய நன்றியைச் செலுத்தும்போதே கடவுளுக்குச் செலுத்தும் மகிமை முழுமை பெறுகிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அவர்களைக் குறிப்பிடாமல் கடவுளை மட்டும் குறிப்பிடும் சாட்சியில், கேட்பவர் கண்ணுக்குத் தெரியும் ஒரே மனிதர் ஊழியர்தான். அவர் எவ்வளவு பணிந்து பேசினாலும் புகழ் அவரிடமே வந்து சேர்கிறது.

தருமபுரியும் தமிழ் மிஷனரி இயக்கமும்

இவ்வாதத்துக்குத் தருமபுரி பொருத்தமான களம். சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2 அன்று உருவான இம்மாவட்டத்தின் பெரியமலைக்குத்தான், ஃபிரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் என்னும் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு 1967இல் தன் முதல் மிஷனரிப் பணியைக் கொண்டுசென்றது. 1950களின் இறுதியில் தமிழ் இளைஞர்களின் ஜெபக் கூடுகைகளிலிருந்து எழுந்த இயக்கம் அது. சாம் கமலேசன், எமில் ஜெபசிங் போன்றோர் அதன் தொடக்கத் தலைவர்கள். பின்னர் வடமாநிலங்களுக்குப் பரவிய அவ்வியக்கத்தின் முதல் அடி தருமபுரி மலையில்தான் பதிந்தது.

இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தையும், 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கத்தையும் தோற்றுவித்தவர்களில் ஒருவர். இந்தியரே சென்று, இந்தியரே பொருள் தந்து நடத்தும் ஊழியம் என்பது அச்சங்கங்களின் உயிர்க்கொள்கை. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகள் முன்னிலையில் அசரியா ஒன்றைத் துணிந்து சொன்னார்: அவர்களுடைய தியாகத்தை இந்தியத் திருச்சபை மதிக்கிறது, ஆனால் அதற்கு வேண்டியது நட்பு. கொடுப்பவர் உயரத்திலும் பெறுபவர் தாழ்விலும் நிற்கும் உறவில் தியாகம்கூட ஆதிக்கத்துக்கு இடங்கொடுக்கும் என்பதை அவர் கண்டிருந்தார்.

ஜெபக்குழுவின் அமைப்பே புகழைப் பகிர்ந்தது. ஒருவர் போகிறார், ஊரிலிருக்கும் பலர் ஜெபித்துக் காணிக்கை தந்து அவரைத் தாங்குகிறார்கள். பணித்தளத்தில் நடக்கும் எதையும் மிஷனரி தனக்கே உரியதாகச் சொல்ல முடியாது. இது பெரிய பேறு. எனினும் அனுப்பியோருக்கும் போனவருக்கும் அப்பால் மூன்றாமவர் ஒருவர் உண்டு: வீட்டுத் திண்ணையில் இடம் தந்தவர், பாதை காட்டியவர், சொல்வதைத் தம் மக்கள் ஏற்கும் வழக்கில் எடுத்துரைத்தவர், மிஷனரி போன பின்னும் அங்கேயே வாழ்ந்து விசுவாசத்தின் விலையைச் செலுத்துபவர். சாட்சிகளில் இவர் பெரும்பாலும் “ஒரு சகோதரர்”, “ஒரு தாயார்” என்றே வந்துபோகிறார்.

அப்போஸ்தலர் 14 காட்டும் வரிசை

அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரம் ஒரு மிஷனரிப் பயணத்தின் முடிவை முழுமையாகக் காட்டுகிறது. லீஸ்திராவில் மக்கள் பவுலையும் பர்னபாவையும் தெய்வங்களாக எண்ணிப் பலியிட வந்தபோது, இருவரும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு தடுக்கிறார்கள். இது முதற்படி. பிறகு, பவுல் கல்லெறிபட்ட அதே ஊர்வழியாகத் திரும்பிச் சென்று, சபைதோறும் உள்ளூர் மூப்பரை ஏற்படுத்தி, அவர்களைக் கர்த்தரிடம் ஒப்புவிக்கிறார்கள். இது இரண்டாம்படி. அதன்பின்பே தங்களை அனுப்பிய அந்தியோகியாவில் சபையைக் கூட்டி, தேவன் தங்களோடிருந்து செய்ததை அறிவிக்கிறார்கள்.

இந்த வரிசை தற்செயலானதன்று. பொறுப்பை உள்ளூரார் கையில் ஒப்படைத்தவர்களே, பணி கடவுளுடையது என்று சொல்லத் தகுதி பெறுகிறார்கள். கடவுளின் செயல் என்று மேடையில் அறிவித்துவிட்டு, பணித்தளத்தின் எல்லா முடிவுகளையும் தம் கையிலேயே வைத்திருப்பவரின் அறிக்கை அவருடைய நடைமுறையோடு முரண்படுகிறது.

சமயஞ்சாராத ஓர் ஒப்பீடு

தருமபுரியின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஓலைக்குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். இது சமயப்பணி அன்று. ஆயினும் அவர்கள் மலையாளிப் பழங்குடிப் பெண்களைப் பயிற்றுவித்து, நலவாழ்வுப் பணியை அவர்கள் கையிலேயே தந்தார்கள். அங்கே பணிவு நிர்வாகத்தின் வடிவமாகவே ஆகியிருக்கிறது. கிறிஸ்தவ ஊழியம் பணிவைப் பிரசங்கிப்பதால், அதை அமைப்பாக்கும் கடமை அதற்கு இன்னும் கூடுதலாகவே உண்டு.

இரு மறுப்புகள்

மனிதரைப் பெயர்சொல்லிப் பாராட்டினால் தேவமகிமை குறையாதா என்று கேட்கலாம். மேன்மைபாராட்டலுக்கு இடமே இல்லை என்று மூன்றாம் அதிகாரத்தில் வாதிடும் ரோமர் நிருபமே, 16ஆம் அதிகாரத்தில் பெபேயாளைப் பரிந்துரைத்து, பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா எனத் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறது. நட்டவரையும் நீர் பாய்ச்சியவரையும் பெயரிட்ட பிறகுதான், விளையச் செய்தவர் தேவன் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதுகிறார்.

காணிக்கை தந்தோருக்குப் பலனைக் கணக்குக் காட்ட வேண்டாமா என்பது இரண்டாவது மறுப்பு. காட்டியே ஆக வேண்டும். ஆனால் அக்கணக்கில் தோல்வி யார் பெயரில் எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். வெற்றியைக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டு, பலனின்மைக்கு அவ்வூராரின் மனக்கடினத்தைக் காரணம் காட்டும் அறிக்கையில் ஊழியர் எந்தப் பழியும் படாமல் தப்பிவிடுகிறார். தம் அவசரத்தையும் அறியாமையையும் அதே தாளில் எழுதுபவரே மகிமையை நேர்மையாகச் செலுத்துகிறார். ஊழியத்தில் அனுப்பப்பட்டு மகிழ்ச்சியோடு திரும்பி வந்த சீஷர்களுக்கு, லூக்கா 10இல் இயேசு அவர்களுடைய வெற்றியைவிட ஆழமான ஒரு மகிழ்ச்சியை, அவர்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதன் மகிழ்ச்சியைக் காட்டினார். கிருபையில் அப்படி நிலைகொண்டவருக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ள அச்சமிராது.

முடிவுரை

மேற்கண்ட வாதத்திலிருந்து நடைமுறை விதி ஒன்றைப் பெறலாம். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்கு முன் லீஸ்திராவுக்கே திரும்பினார்கள். அதுபோல, சென்னையிலோ நாகர்கோவிலிலோ சொல்லப்போகும் சாட்சியை, முதலில் தருமபுரியின் மலையூர்ச் சபையிலேயே, அவ்வூர் மக்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். மிகையை அவர்கள் திருத்துவார்கள். விடுபட்ட பெயரைச் சேர்ப்பார்கள். தங்களைப் பற்றிச் சொல்லக்கூடாததைத் தடுப்பார்கள். அவர்கள் கேட்டு ஆமென் சொன்ன சாட்சியையே நகரத்துப் பீடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அத்தகைய சாட்சியின் முடிவில் கர்த்தருக்கு மகிமை என்று சொல்லும்போது, அதைச் சொல்பவர் தனியராக நிற்கமாட்டார். மலையூர்ச் சபையும் அவரோடு சேர்ந்தே அதைச் சொல்லும்.