கல்வெஸ்ரன் நகரம் உயர்த்தப்பட்ட வரலாறு

ரெக்சாஸ் கரையோரத்துத் தீவு நகரான கல்வெஸ்ரனில் 1900 செப்ரெம்பர் 8ஆம் நாட் புயலால் மாண்டோர் 6,000 பேருக்குக் குறையார். 1886இல் அதே கரையிலிருந்த இந்தியனோலா அழிந்தபோதே கடற்சுவர் வேண்டுமென்ற குரல் எழுந்தது. வானிலை அலுவலர் ஐசாக் கிளைன் 1891இல் அவ்வச்சம் வீணென எழுதினார். அவரை மட்டுமே நாம் குறைகூறுதல் பொருந்தாது. அவர் கூற்றை நம்ப விரும்பியோர் பலர்.

அழிவின் பின்னர் 17 அடிச் சுவர் எழுந்தது. எனினும், எம்மை வியக்கவைப்பது நிலத்தையே மேடாக்கிய பணியாகும். திருகுப் பொறிகளைக் கைகளாற் சுழற்றி 2,000க்கு மேற்பட்ட கட்டிடங்களை உயர்த்தி, அவற்றின் கீழே மணற்சேற்றைப் பாய்ச்சினர். அவ்வாண்டுகளில் மக்கள் பலகைப் பாதைகளிலேயே நடமாடினர். 1915ஆம் ஆண்டுப் புயலை நகர் தாங்கிநின்றது.

ஆயினும், நிலம் தாழ்ந்தும் கடல் உயர்ந்தும் வந்தமையால், அங்குள்ள கடல்மட்டமானி ஒரு நூற்றாண்டில் 2 அடிக்கு மேற்பட்ட ஏற்றத்தைப் பதிந்துள்ளது. 2008இல் ஐக் புயலின்போது வெள்ளம், சுவரில்லாத விரிகுடாப் பக்கமாக நகருட் புகுந்தது.