செய்தி சொல்லாத வானொலி: தமிழ்நாட்டுத் தனியார் பண்பலையின் வரலாறு

தமிழ்நாட்டு நகரங்களில் 2003 வாக்கில் கேட்கத் தொடங்கிய தனியார் பண்பலை வானொலியின் குரலை, அதாவது பாட்டுக்குப் பாட்டு இடையில் புகுந்து ஓயாமல் பேசும் அந்தக் கொச்சையும் குறும்பும் கலந்த குரலை, புதிய தலைமுறையின் ரசனை தந்த வரவாகவே பலரும் எழுதியிருக்கின்றனர். ரசனைக்கு அதில் பங்கு இருந்தது உண்மைதான் என்றாலும், அந்தக் குரலின் அளவையும் எல்லையையும் பேசுபொருளையும் வகுத்தவை பெரும்பாலும் மத்திய அரசின் உரிமப் பத்திரத்தில் இருந்த விதிகளே என்பது, ஏலம், கட்டணம், செய்தித் தடை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவாகிறது.

பண்பலை என்பது அதிர்வெண் பண்பேற்றம் என்னும் ஒலிபரப்பு முறைக்குத் தமிழில் நிலைத்துவிட்ட பெயர். மத்திய அலை, சிற்றலை வானொலிகளில் ஒலிக்கேற்ப அலையின் வீச்சு கூடிக் குறைகிறது; பண்பலையில் வீச்சு மாறாமல் அலையின் அதிர்வெண் மாறுவதால், மின்னலும் மின்விசிறியும் மோட்டாரும் எழுப்பும் இரைச்சல் அதில் அவ்வளவாக ஏறுவதில்லை. ஆனால் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்த அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை என்பதால், கோபுரத்தின் உயரத்தைப் பொறுத்து ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் அவற்றின் வலு தேய்ந்துவிடுகிறது. மலைமேல் அமைந்த கோடைக்கானல் வானொலி பல மாவட்டங்களில் கேட்பதும், சமவெளியில் உள்ள நிலையங்கள் தத்தம் நகர எல்லையைத் தாண்டியதும் கரகரப்பதும் இதனால்தான். ஆக, பண்பலை நிலையம் உள்ளூர் நிலையமாக இருப்பதற்கு முதற்காரணம் இயற்பியலே. வணிகமும் சட்டமும் அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தன.

நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பை அகில இந்திய வானொலி 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்நகரத்தில் ஒலிபரப்பு வேரூன்றியிருந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-இல் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகம் அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கி, பணமுடையால் 1927-இல் நின்றுபோயிற்று. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 முதல் மாலை வேளைகளில் இசையும் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடங்களும் ஒலிபரப்பி, 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை அந்தப் பணியைத் தொடர்ந்தது. குடிநீரும் தெருவிளக்கும் பார்க்கும் ஒரு மாநகராட்சி வானொலியும் நடத்திய அந்த எட்டு ஆண்டுகள், உள்ளூர் வானொலியின் வரலாற்றில் உரிய இடம் பெறாதது வியப்புக்குரியது. அதன்பின் ஒலிபரப்பு முழுவதும் தில்லியின் கைக்குப் போனது. அகில இந்திய வானொலியே மீண்டும் உள்ளூர் நிலையம் என்ற எண்ணத்துக்குத் திரும்பி, அவ்வகையில் நாட்டின் முதல் நிலையத்தை 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் நிறுவியது.

விளம்பர வானொலியின் சுவையைத் தமிழர்கள் அறிந்தது வேறு வழியில். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களைத் தரக்குறைவாகக் கருதியதால் அவை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தன. அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை நிரப்பியது. அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலில் பாட்டும் விளம்பரமும் நேயர் பெயர்ப் பட்டியலும் கடல் கடந்து வந்து சேர்ந்தன. தில்லி 1957-இல் விவித பாரதியைத் தொடங்கி, பத்தாண்டு கழித்து அதில் விளம்பரங்களையும் அனுமதித்தது இந்தப் போட்டியின் விளைவே. பிற்காலத்தில் தனியார் பண்பலை தன் கண்டுபிடிப்பாகப் பறைசாற்றிக்கொண்ட பலவும், நேயரோடு பேசுவதும் பாட்டை அறிமுகப்படுத்திக் கொஞ்சுவதும் உட்பட, கொழும்பில் முன்னரே நடந்து முடிந்தவை.

தனியாருக்குக் கதவு முதலில் ஒருக்களித்தே திறந்தது. 1993 ஆகஸ்ட் 15 முதல் தில்லியிலும் மும்பையிலும், பின்னர் சென்னை உள்ளிட்ட வேறு சில நகரங்களிலும், அகில இந்திய வானொலி தன் பண்பலை நேரத்தைக் கூறுபோட்டுத் தனியாருக்கு விற்றது. 1998-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இதற்கிடையே 1995 பிப்ரவரி 9 அன்று வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்றும், அவற்றை அரசோ தனியாரோ ஏகபோகமாக வைத்திருக்கலாகாது என்றும் தீர்ப்பளித்தது. பொதுநலனுக்காகப் பொது அமைப்பு ஒன்று ஒழுங்குபடுத்த வேண்டிய சொத்து என்பது நீதிமன்றத்தின் கருத்து. அரசோ அதை ஏலம் விடத்தக்க சொத்து என்று படித்துக்கொண்டது.

1999-இல் அறிவிக்கப்பட்ட முதற்கட்டக் கொள்கையின்படி 40 நகரங்களுக்கான 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. உரிமம் பத்து ஆண்டுகளுக்கு. ஏலத்தில் கேட்ட தொகை முதலாண்டுக் கட்டணம். அது ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும். கணக்கிட்டால் பத்தாம் ஆண்டில் கட்டணம் முதலாண்டைப்போல் மூன்றரை மடங்காகிறது. வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும். ஏலத்தின் சூட்டில் உயர்த்திக் கேட்டவர்கள் பலர் பின்வாங்கிவிட, முடிவில் 12 நகரங்களில் 21 நிலையங்களே பிழைத்தன. 2001 ஜூலை 3 அன்று பெங்களூரில் ரேடியோ சிட்டி முதலாவதாக வந்தது. அந்தப் பன்னிரண்டு நகரங்களில் மூன்று தமிழ்நாட்டில் இருந்தன: சென்னை, கோயம்புத்தூர், திருநெல்வேலி. ஐதராபாத்துக்கும் கொச்சிக்கும் கிடைக்காத தனியார் வானொலி நெல்லைக்குக் கிடைத்ததற்குச் சன் குழுமத்தின் சூரியன் எஃப்எம் காரணம். சென்னையில் 2003-இல் சூரியனும், டைம்ஸ் குழுமத்தின் ரேடியோ மிர்ச்சியும் ஒலிக்கத் தொடங்கின.

உரிமத்தின் மிக முக்கியமான விதி, செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக் கூடாது என்பது. நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத இந்தத் தடையை வானொலிக்கு மட்டும் விதித்ததற்கு, எழுதப் படிக்கத் தெரியாதவரையும் வானொலி எட்டிவிடும் என்ற அரசின் பழைய அச்சத்தைத் தவிர வேறு வலுவான காரணம் புலப்படவில்லை. செய்தியும் விவாதமும் விலக்கப்பட்ட பிறகு ஒரு நிலையத்திடம் மிஞ்சுபவை பாட்டும் விளம்பரமும்தான். எல்லா நிலையங்களும் ஒலிபரப்புவது ஒரே திரைப்பாடல்களை என்னும்போது, ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்த எஞ்சியிருந்தது அறிவிப்பாளர் ஒருவரே. இப்படித்தான் ஆர்ஜே எனப்படும் ரேடியோ ஜாக்கி நிலையத்தின் முகவரியானார். சென்னையில் காலை நிகழ்ச்சி நடத்திய சுசித்ராவை ஊர் மிர்ச்சி சுசி என்றே அழைத்ததும், பிக் எஃப்எம்மில் பேசிய பாலாஜியின் பெயரோடு ஆர்ஜே என்ற இரண்டெழுத்து திரைப்படத்துக்குப் போன பின்னும் ஒட்டிக்கொண்டதும் இந்தப் பொருளாதாரத்தின் விளைவுகள்.

இரு பாடல்களுக்கு நடுவே ஆர்ஜே பேசும் துண்டுப்பேச்சைத் தொழிலில் லிங்க் என்பர். அது பெரும்பாலும் ஒரு நிமிடத்தை எட்டாது. அடுத்த பாட்டின் முன்னிசை அடியில் ஓடத் தொடங்க, அதன்மேல் பேசிக்கொண்டே வந்து, பாடகரின் முதற்சொல் விழுவதற்கு ஒரு நொடி முன்பு பேச்சை முடிப்பது தேர்ந்த ஆர்ஜேயின் கைவண்ணம். எந்தப் பாட்டுக்கு எத்தனை நொடி முன்னிசை என்பது எதிரே கணினித் திரையில் தெரியும். பாட்டுகளின் வரிசையை நிகழ்ச்சிப் பிரிவு முன்கூட்டியே மென்பொருளில் அடுக்கி வைத்திருக்கும். அந்த வரிசையைத் தன் விருப்பப்படி மாற்றும் உரிமை பெரும்பாலான ஆர்ஜேக்களுக்கு இல்லை. வீணையும் புல்லாங்குழலும் கொண்டு இளையராஜா கட்டியெழுப்பிய முன்னிசைகள்மீது துணிக்கடைத் தள்ளுபடி பற்றிய பேச்சு ஏறி உட்கார்ந்ததைப் பழைய நேயர்கள் மன்னிக்கவே இல்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு.

மொழி குறித்து எழுந்த கண்டனம் இதைவிடக் கடுமையானது. அகில இந்திய வானொலியின் எழுத்துத் தமிழுக்குப் பழகிய செவிகளுக்கு ஆங்கிலம் பாதி கலந்த சென்னைப் பேச்சு உறுத்தியது. ஆயினும் நெல்லையிலும் கோவையிலும் மதுரையிலும், அந்தந்த வட்டாரப் பேச்சு நாள் முழுதும் வானொலியில் கேட்டது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அகில இந்திய வானொலி அதை உழவர்க்கான நிகழ்ச்சிகளிலும் நாடகங்களிலும் ஒரு மூலையில் வைத்திருந்தது. தனியார் பண்பலை, சினிமாவும் காதலும் கிண்டலும் பேசும் மொழியாக அதை முன்னறைக்குக் கொண்டுவந்தது.

பாட்டை நம்பியே வாழும் தொழிலுக்குப் பாட்டின் விலை பெருந்தலைவலியாக இருந்தது. இசை நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய உரிமைத்தொகை தொடக்கத்தில் நீடில் ஹவர் என்ற அளவில் கணக்கிடப்பட்டது. இசைத்தட்டில் ஊசி ஓடிய காலத்துப் பெயர் அது. பாட்டு உண்மையில் ஒலித்த நேரத்தை மட்டும் கூட்டி, அறுபது நிமிடத்துக்கு ஒரு மணி என்று எண்ணுவது அதன் முறை. நிமிடம் கூடினால் செலவு கூடும் என்பதால், பேச்சும் விளம்பரமும் மலிவு, பாட்டு விலையுயர்ந்தது என்ற விந்தையான கணக்கு நிலையங்களுக்குள் உருவாயிற்று. நீண்ட வழக்குகளுக்குப் பின், 2010 ஆகஸ்டில் பதிப்புரிமை வாரியம் நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடு போதும் என்று உத்தரவிட்டது. நிலையங்கள் மூச்சு விட்டன; இசை நிறுவனங்கள் கொதித்தன.

அரசு அமைத்த அமித் மித்ரா குழுவும் பின்னர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் ஆராய்ந்து சொன்னதன்பேரில், 2005-இல் இரண்டாம் கட்டக் கொள்கை வந்தது. ஆண்டுதோறும் ஏறும் கட்டணம் போய், ஒருமுறை நுழைவுக் கட்டணமும் மொத்த வருவாயில் 4 விழுக்காட்டை ஒட்டிய ஆண்டுப் பங்கும் என்றாயின. மதுரை, திருச்சி, தூத்துக்குடி, புதுச்சேரி ஆகியவை வரைபடத்தில் சேர்ந்தன. சென்னையில் தனியார் நிலையங்கள் எட்டாகப் பெருகின: 91.1-இல் ரேடியோ சிட்டி, 91.9-இல் ஆஹா, 92.7-இல் பிக், 93.5-இல் சூரியன், 94.3-இல் ரேடியோ ஒன், 98.3-இல் மிர்ச்சி, 104.8-இல் சென்னை லைவ், 106.4-இல் ஹலோ. முதல் ஐந்து எண்களுக்கும் நடுவே சரியாக 0.8 இடைவெளி இருப்பது தற்செயலன்று. ஒரே நகரத்தில் இரு நிலையங்களுக்கிடையே குறைந்தது 800 கிலோஹெர்ட்ஸ் விலகல் வேண்டும் என்பது விதி. இடம் குறைந்தால் ஏலத்தொகை ஏறும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. நகரந்தோறும் நிலையங்கள் பொதுக்கோபுரத்தைப் பகிர்ந்துகொண்டு, தங்கள் அலைகளை ஒரு கருவியில் ஒன்றிணைத்து ஒரே ஆண்டெனா வழியே அனுப்பும் ஏற்பாடும் வந்தது. ஒருவரையொருவர் மேடையில் சாடிக்கொண்ட நிறுவனங்கள் கோபுரத்தில் ஒட்டுக்குடித்தனம் நடத்தின.

உரிமையாளர்களைப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படும். ஹலோ தினத்தந்தி குழுமத்துடையது, ஆஹா குமுதத்துடையதாக இருந்தது, மிர்ச்சி டைம்ஸ் குழுமத்துடையது, சூரியன் தொலைக்காட்சிச் செய்தி நடத்தும் நிறுவனத்துடையது. நிருபர்களும் செய்தியறைகளும் கைவசம் கொண்டிருந்த இந்நிறுவனங்கள், காலையில் தாளில் அச்சிட்டதை அதே காலையில் தம் வானொலியில் சொல்ல முடியாதவையாக இருந்தன.

வருவாய் பத்து நொடி அலகில் விற்கப்படும் விளம்பரத்திலிருந்து வந்தது. நாளிதழில் முழுப்பக்கம் வாங்க முடியாத ஜவுளிக்கடையும் நகைக்கடையும் ஓட்டலும் பத்து நொடியை வாங்க முடிந்தது என்பதே உள்ளூர் நிலையத்தின் ஆதாரம். ஆடியும் தீபாவளியும் அதன் அறுவடைக் காலங்கள். கேட்போரின் நாட்குறிப்பைக் கொண்டு அளவிடும் கணக்கெடுப்பு 2007-இல் தொடங்கியபோது தில்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களோடு நின்றுவிட்டதால், சென்னையில் ஒவ்வொரு நிலையமும் தானே முதலிடம் என்று கூச்சமின்றிச் சொல்லிக்கொள்ள வழியிருந்தது.

கேட்கும் கருவியும் இதே காலத்தில் மாறியது. வீட்டிலிருந்த பல பழைய பெட்டிகளில் பண்பலையே கிடையாது. முதலில் மலிவான சட்டைப்பை ரேடியோக்களும், அடுத்து கைப்பேசிகளும் அந்த இடத்தைப் பிடித்தன. கைப்பேசியில் காதொலிக் கம்பியே ஆண்டெனா என்பதால், கம்பியைச் செருகாமல் நிலையம் பிடிபடாது. மினிபஸ்ஸிலும் தேநீர்க்கடையிலும் தையற்கூடத்திலும் ஒலித்தது பொதுவில் கேட்கும் வானொலி என்றால், கம்பி வழியே காதுக்குள் ஒலித்தது தனியொருவருக்கான வானொலி. இரவு நேரக் காதல் நிகழ்ச்சிகள் இரண்டாவதை நம்பியே எழுந்தன.

2011-இல் அறிவிக்கப்பட்டு 2015-இல் ஏலம் கண்ட மூன்றாம் கட்டம், ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள வழிவிட்டதால், சிறுநகரங்களில் உள்ளூர்ப் பேச்சு சுருங்க வாய்ப்பு உண்டாயிற்று. செய்தி விதியில் தளர்வு வந்த விதம் வேடிக்கையானது. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்றது கொள்கை. கூடவே போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவுகள், கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், இயற்கைச் சீற்றம் ஆகியவை செய்தியாகக் கருதப்படமாட்டா என்று பட்டியலிட்டது. ஓர் ஊரில் வாழ்பவருக்கு அன்றாடம் தேவையான செய்திகள் யாவும் இவ்வாறு செய்தி அல்லாதவை ஆயின. காலை நேர ஆர்ஜேக்கள் கத்திப்பாரா நெரிசலையும் மழை விடுமுறையையும் பற்றி அவ்வளவு பேசியதற்கு இந்தப் பட்டியலே இடம் தந்தது.

2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தனியார் பண்பலைகள் மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்றும், ஆண்டுக்கட்டணத்தை நுழைவுக் கட்டணத்தோடு பிணைக்காமல் வருவாயில் 4 விழுக்காடாக மட்டும் வைக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. அதே பரிந்துரையில், கைப்பேசிகளில் உள்ள பண்பலை வாங்கியைத் தயாரிப்பாளர்கள் முடக்காமல் இயங்கவிட வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. அதற்குள் காதொலிக் கம்பிக்கான துளையே இல்லாத கைப்பேசிகள் கடைகளில் நிறைந்துவிட்டன.